வண்ணார் துறை முதல் பாபிலோன் வரை: எபிரேய இறைவாக்கும் யூதாவின் அரசர்களும்

எருசலேம் நகரின் மதிலுக்கு வெளியே, மேற்குளத்து நீர் வந்து சேரும் கால்வாயின் முனையில், வண்ணார் துறைக்குச் செல்லும் பெருவழியை ஒட்டி ஓர் இடம் இருந்தது. அது இன்றைய நகரில் எப்பகுதியில் அடங்கும் என்பதில் அகழாய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. ஆயினும் ஏசாயாவின் நூலில் அவ்விடம் இரண்டு முறை, ஏறத்தாழ ஒரே சொற்களில் குறிக்கப்பெறுகிறது. முதன்முறை, கி.மு. 734ஐ ஒட்டிய காலம். ஆராம் நாட்டு ரேத்சீனும் வடபகுதி இசுரவேலின் பெக்காவும் கூடிப் படைதிரட்டி வருகின்றனர். யூதாவின் இளவரசனாய் இருந்து அண்மையில் முடிசூடிய ஆகாஸ், முற்றுகைக்கு முன் நீர்வழியைப் பார்வையிடவே அங்கு வந்திருக்க வேண்டும். தன் சிறுமகனைக் கையில் பிடித்துக்கொண்டு ஏசாயா அவன் எதிரே போய் நிற்கிறார். இரண்டாம் முறை, கி.மு. 701. அதே கால்வாய் முனையில் இப்போது நிற்பவன் அசீரியப் பேரரசனின் தூதன். அவன் பின்னே பெரும்படை. மதிலின் மேல் ஆகாசின் மகன் எசேக்கியாவின் குடிகள்.

முப்பத்து மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே நிலத்துண்டில் இரண்டு அரசர்களிடம் ஒரே வினா கேட்கப்பட்டது. உன் குலத்துக்கு ஒரு வாக்குத் தரப்பட்டிருக்கிறதே, அதை நம்பி நடப்பாயா, அல்லது படையையும் திறைப்பொருளையும் நம்பி நடப்பாயா என்பதே அவ்வினா. எபிரேய இறைவாக்கினர் அரசவையில் செய்த பணி பெரும்பாலும் இந்த வினாவை மறக்கவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததுதான். அதற்கு அரசர்கள் அளித்த விடைகளும், அவ்விடைகளால் வாக்கே எவ்வாறு மாற்றம் பெற்றது என்பதும் கி.மு. எட்டாம் நூற்றாண்டு முதல் ஆறாம் நூற்றாண்டு வரையிலான யூதாவின் வரலாற்றில் ஊடும் பாவுமாய் ஓடுகின்றன.

அந்த வாக்கின் தொடக்கம் தாவீதின் அரண்மனையில் நிகழ்ந்த ஓர் உரையாடல். தான் தேவதாரு மாளிகையில் வாழ, இறைவனின் உடன்படிக்கைப் பேழை கூடாரத்தில் இருப்பது தாவீதுக்கு உறுத்துகிறது. கோவில் எழுப்ப விழைகிறான். நாத்தான் என்னும் இறைவாக்கினர் முதலில் உடனே ஒப்புதல் தருகிறார். அன்றிரவே அவருக்கு வேறு செய்தி வருகிறது. மறுநாள் தாம் சொன்னதைத் தாமே மாற்றிச் சொல்கிறார். (அரசன் மகிழும்படி பேசிவிட்டு மறுநாள் திருத்திக்கொண்ட அவையோர் வரலாற்றில் மிகச் சிலரே.) தாவீது இறைவனுக்கு வீடு கட்ட வேண்டியதில்லை, இறைவனே தாவீதுக்கு வீடு கட்டுவார் என்பது புதிய செய்தி. எபிரேயத்தில் 'பயித்' என்னும் சொல் வீட்டையும் குறிக்கும், அரண்மனையையும் குறிக்கும், கோவிலையும் குறிக்கும், அரச குலத்தையும் குறிக்கும். நாத்தானின் வாக்கு முழுவதும் இந்த ஒரு சொல்லின் நான்கு பொருளையும் திருப்பித் திருப்பிக் காட்டுவதாகவே அமைந்துள்ளது. தமிழில் வீடு, மனை, இல், குடி என்று பிரித்தே சொல்ல வேண்டியிருப்பதால் மொழிபெயர்ப்பில் இந்தச் சிலேடை பாதி மறைந்துவிடுகிறது.

'தாவீதின் வீடு' என்பது பிற்காலப் புனைவு என்று கருதியோரும் உண்டு. 1993ஆம் ஆண்டு கோடையில், இசுரவேலின் வடகோடியிலுள்ள தெல் தான் என்னும் மேட்டில் ஆபிரகாம் பிரான் தலைமையில் நடந்த அகழாய்வில் அரமேய மொழிக் கல்வெட்டொன்றின் உடைந்த துண்டு கிடைத்தது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஆராமிய மன்னன் தன் வெற்றியைப் பொறித்த கல் அது. பகைவன் நாட்டின் பெயராக அவன் எழுதிய சொற்றொடர் 'பேத் தாவீது', அதாவது தாவீதின் வீடு. எதிரியின் வாயால் உறுதியான இச்சான்றுக்குப் பிறகு அக்குலத்தின் இருப்பைப் பற்றிய ஐயம் பெரிதும் தணிந்தது. தாவீதின் பேரரசு எத்துணைப் பெரியது என்னும் வாதம் மட்டும் ஓயவில்லை.

நாத்தான் தந்த வாக்கில் குறிப்பிடத்தக்க ஒரு கூறு உண்டு. தாவீதின் மகன் தவறினால் மனிதர் கையாளும் பிரம்பாலே தண்டிக்கப்படுவான். ஆனால் சவுலிடமிருந்து விலக்கப்பட்டது போல இறைவனின் பேரன்பு அவனிடமிருந்து விலக்கப்படாது. அரியணை என்றைக்கும் நிலைக்கும். இதில் நிபந்தனை ஏதும் இல்லை. அரசர்களின் வரலாற்று நூலிலோ அதே வாக்கு சாலொமோனின் காலத்தில் மீண்டும் கூறப்படுகையில், மைந்தர்கள் தம் வழியைக் காத்து நடந்தால் என்னும் நிபந்தனையோடு வருகிறது. சங்கீதங்களுக்குள்ளும் இதே பிளவு காணப்படுகிறது: 132ஆம் சங்கீதம் நிபந்தனை சொல்கிறது, 89ஆம் சங்கீதம் நிபந்தனையற்ற வாக்கை நெடிது பாடிவிட்டு, பாதியில் திரும்பி, அந்த வாக்கு என்னவாயிற்று என்று இறைவனையே வழக்குக்கு இழுக்கிறது.

இப்பிளவை விளக்க முயன்றோருள் மோசே வைன்பெல்ட் முதன்மையானவர். 1970இல் வெளிவந்த தம் கட்டுரையில், பண்டை அண்மைக் கிழக்கு நாடுகளில் இருவகை உடன்படிக்கைகள் வழங்கின என்று அவர் காட்டினார். ஒன்று, பேரரசன் சிற்றரசன்மேல் கடமைகளைச் சுமத்தும் ஒப்பந்தம். மற்றொன்று, முன்னரே உண்மையாய் உழைத்த பணியாளனுக்கு மன்னன் வழிவழியாய் அளிக்கும் மானியம். இத்தியப் பேரரசன் உல்மி தேசுபு என்பானுக்கு அளித்த ஆவணத்தில், அவன் வழித்தோன்றல் குற்றம் புரிந்தால் தண்டனை பெறலாம், ஆனால் நாடும் வீடும் அக்குடியை விட்டுப் போகா என்னும் பொருள்பட எழுதியிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். நாத்தானின் வாக்கு இந்த மானிய வகையைச் சேர்ந்தது என்பது அவர் முடிவு. 1996இல் காரி நாப்பர்சு இதை மறுத்து, மானியங்களிலும் நிபந்தனை உண்டு என்று வாதிட்டார். எது சரியாயினும் யூதாவின் அரசர்களுக்கு இது ஏட்டுச் சிக்கலாய் இருக்கவில்லை. தம் முடி மானியமா, ஒப்பந்தமா என்பதைப் பொறுத்தே அவர்கள் துணிவும் அச்சமும் அமைந்தன.

இங்கே இறைவாக்கினரின் இடத்தையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பழைய தமிழ் விவிலியம் 'தீர்க்கதரிசி' என்னும் வடசொல்லை வழங்கிற்று. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'இறைவாக்கினர்' என்றது. முன்னது நெடுந்தொலைவு காண்பவர் எனப் பொருள்தருவது. வருவதுரைப்போர் என்னும் எண்ணத்தை அது வளர்த்துவிட்டது. 'நபி' என்னும் எபிரேயச் சொல்லுக்கு அழைக்கப்பட்டவர் அல்லது அழைத்துரைப்பவர் என்று பொருள் கூறுவர். தாவீது உரியாவின் மனைவியைக் கவர்ந்தபோது ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி அரசனையே தன்மேல் தீர்ப்புக் கூறவைத்த நாத்தானும், நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தில் ஆகாபை வழிமறித்த எலியாவும் எதிர்காலத்தைவிட நிகழ்காலத்தையே மிகுதியும் பேசினர். அரசன் சட்டத்துக்கு உட்பட்டவன் என்னும் கருத்து அந்நாளைய அசீரியத்திலோ எகிப்திலோ இத்துணை வெளிப்படையாய் எழுந்ததில்லை. உபாகமம் அரசனுக்கு வகுத்த ஒழுங்கு அதன் உச்சம்: குதிரைகளைப் பெருக்கலாகாது, மனைவியரைப் பெருக்கலாகாது, வெள்ளியும் பொன்னும் பெருக்கலாகாது, சட்டநூலின் படி ஒன்றை வைத்து வாழ்நாளெல்லாம் படிக்க வேண்டும். அரசனை ஒரு வாசகனாக்கிய சட்டம் இது. அவன் எத்தகைய வாசகன் என்பது பின்னர் ஒரு குளிர்காலத்தில் தெரியவரும்.

ஆகாசிடம் ஏசாயா சொன்னது எளிய செய்தி. அஞ்சாதே, அமைதியாயிரு, படையெடுத்து வரும் இருவரும் எரிந்தணைந்து புகையும் கொள்ளிக்கட்டைகளே. உடனழைத்து வந்த மகனின் பெயரே ஒரு செய்தி: செயார் யாசூபு, எஞ்சியோர் திரும்புவர். பின்னர் அவர் ஒரு சிலேடையைக் கையாண்டார். நம்புதலையும் நிலைபெறுதலையும் எபிரேயம் 'ஆமன்' என்னும் ஒரே வேரிலிருந்து ஆக்கிக்கொள்கிறது. உறுதியாய் நம்பாவிடில் உறுதியாய் நிற்கமாட்டீர் என்பதை ஒரே வேர்ச்சொல்லின் இரு வடிவங்களால் அவர் சொல்லிவிட்டார். தமிழர் செவிக்குப் பழகிய 'ஆமென்' என்னும் சொல்லும் அவ்வேரினதே. நோக்கினால், நாத்தானின் நிபந்தனையற்ற வாக்கினுள் ஏசாயா முதன்முறையாக ஒரு நிபந்தனையைச் செருகுகிறார் என்பது விளங்கும். அந்நிபந்தனை பலியோ நோன்போ அன்று. நம்பிக்கை ஒன்றே.

ஆகாஸ் மறுத்தான். அடையாளம் ஒன்று கேள் என்று ஏசாயா வற்புறுத்தியபோது, இறைவனைச் சோதிக்கமாட்டேன் என்று பக்தி மொழியில் நழுவினான். அவன் ஏற்கெனவே வேறு முடிவு செய்திருந்தான். கோவிலிலும் கருவூலத்திலும் இருந்த பொன்னையும் வெள்ளியையும் அசீரிய மன்னன் மூன்றாம் திக்லாத்பிலேசருக்கு அனுப்பித் தன்னைக் காக்குமாறு வேண்டினான். அரசியல் கணக்கில் அது வென்ற சூது: கி.மு. 732இல் தமஸ்கு வீழ்ந்தது, ரேத்சீன் கொல்லப்பட்டான், பெக்காவும் மடிந்தான். ஆகாசின் முழுப்பெயர் திக்லாத்பிலேசரின் கல்வெட்டில் திறை செலுத்தியோர் வரிசையில் இன்றும் நிற்கிறது. அவன் தமஸ்குவுக்குச் சென்று பேரரசனைக் கண்டான். அங்குக் கண்ட பலிபீடத்தின் மாதிரியை எருசலேமுக்கு அனுப்பி, அதைப் போலவே ஒன்றைக் கட்டச் செய்தான். அவனைக் கோழை என்று எளிதில் தள்ளிவிடலாகாது. சிறு நாட்டின் மன்னனுக்கு வேறு வழி இருந்ததா என்பது நேர்மையான வினா. அவன் நாட்டைக் காத்தான். ஆனால் காத்த நாடு அதன்பின் அவனுடையதாய் இல்லை.

எசேக்கியாவின் கதை இதற்கு நேர்மாறாய்ச் சொல்லப்படுவது வழக்கம்: தந்தை நம்பவில்லை, மகன் நம்பினான், நகர் பிழைத்தது. மூல நூல்கள் அவ்வளவு நேராய் இல்லை. கி.மு. 705இல் இரண்டாம் சார்கோன் போர்க்களத்தில் மாண்டபோது எங்கும் கலகம் மூண்டது. எசேக்கியாவும் திறையை நிறுத்தினான். எகிப்தின் துணையை நாடினான். எகிப்தின் குதிரைகளை நம்புவோரை ஏசாயா கடுமையாகச் சாடினார். முற்றுகையை எதிர்நோக்கி அமைக்கப்பட்ட சீலோவாம் சுரங்கம் ஏறத்தாழ 533 மீட்டர் நீளம் பாறையைக் குடைந்து செல்வது. இரு முனைகளிலிருந்தும் தோண்டிவந்த கல்தச்சர் நடுவில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுச் சந்தித்த தருணத்தைப் பொறித்த கல்வெட்டு 1880இல் கண்டெடுக்கப்பட்டது. இன்று இசுதான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் அரசன் பெயரும் இல்லை, இறைவன் பெயரும் இல்லை. கோடரிகளின் ஓசைதான் இருக்கிறது. நீர்நிலைகளைக் கணக்கிட்டு, மதிலுக்காக வீடுகளை இடித்து, இவற்றையெல்லாம் வகுத்தவரை மட்டும் நோக்காமல் போனீர்களே என்று ஏசாயா அதே பணிகளைக் குறைகூறினார்.

சனகெரிபு வந்தான். அரண்சூழ்ந்த நகர்கள் 46ஐப் பிடித்ததாகவும் 2,00,150 பேரை வெளிக்கொணர்ந்ததாகவும் அவனுடைய களிமண் பட்டயம் உரைக்கிறது. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம், அழிவில் மிகையில்லை. லாகீசு வீழ்ந்த காட்சியை நினிவே அரண்மனைச் சுவரில் அவன் செதுக்கிவைத்தான். அச்சிற்பங்களை இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் காணலாம். மூட்டை முடிச்சுகளோடு மாட்டுவண்டியில் ஏறிச்செல்லும் குடும்பங்கள் அதில் உள்ளன. அரசனின் துணிவுக்கு யார் விலைகொடுத்தார் என்பதை எந்த நூலும் அக்கல்லைப் போலச் சொல்லவில்லை.

பின்னரே ரப்சாக்கே அந்தக் கால்வாய் முனையில் வந்து நிற்கிறான். அவன் பேச்சு விவிலியத்தின் மிகத் தேர்ந்த சொற்பொழிவுகளுள் ஒன்று. எகிப்து சாயும் கையைக் குத்தும் முறிந்த நாணல் என்கிறான். ஏசாயாவும் அதையொத்த கருத்தையே சொல்லியிருந்தார். உங்கள் இறைவன்தான் எங்களை அனுப்பினார் என்கிறான். அசீரியாவை இறைவனின் சினக்கோல் என்று ஏசாயாவும் பாடியிருந்தார். பொய்யன் வாயில் உண்மையான சொற்களை வைத்துக் காட்டிய இடம் இது. அரமேயத்தில் பேசுமாறு அரசவையினர் மன்றாடுகின்றனர். அவனோ மதில்மேல் அமர்ந்த எளிய மக்களுக்குக் கேட்கும்படி யூதர்தம் தாய்மொழியிலேயே உரக்கப் பேசுகிறான். எசேக்கியா ஆடையைக் கிழித்துக்கொண்டு, பகைவன் மடலைக் கோவிலில் இறைவன் முன் விரித்துவைக்கிறான். ஏசாயா அஞ்சாதே என்கிறார்.

நகர் பிழைத்தது. எப்படிப் பிழைத்தது என்பதில் மூன்று மரபுகள் உள்ளன. இறைத்தூதன் ஓரிரவில் 1,85,000 பேரை வீழ்த்தினான் என்று ஏசாயாவின் நூல் கூறும். எகிப்தின் எல்லையில் எலிகள் அசீரியரின் வில்நாண்களைக் கடித்தன என்று எரோடோத்தசு எழுதினார். எசேக்கியா 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் அனுப்பினான் என்பது சனகெரிபின் கூற்று. அரசர் நூலும் ஓரிடத்தில் 30 தாலந்து பொன், 300 தாலந்து வெள்ளி என்று அக்கூற்றை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. ஆகாசின் மகன் இறுதியில் ஆகாஸ் செய்ததையே செய்தான் போலும். எனினும் சனகெரிபு எருசலேமைப் பிடித்ததாக எங்கும் சொல்லவில்லை. அவனைப் போன்ற தற்புகழாளன் சொல்லாமல் விட்டது பெரிய சான்று.

அந்த மீட்பு நன்மையாய் மட்டும் முடியவில்லை. சீயோன் வீழாது என்பது அதன்பின் ஒரு கொள்கையாய் இறுகியது. ஏசாயாவிடம் நம்பிக்கையாய் இருந்தது அடுத்த நூற்றாண்டில் தாயத்தாகிவிட்டது. எசேக்கியாவே இதன் முதல் அறிகுறியைக் காட்டினான். பாபிலோனியத் தூதருக்குக் கருவூலம் முழுவதையும் திறந்து காட்டியபோது, இவையெல்லாம் ஒருநாள் பாபிலோனுக்குப் போகும், உன் மைந்தரும் போவர் என்று ஏசாயா எச்சரித்தார். தன் நாளில் அமைதி இருக்குமாதலால் நல்லதே என்று அரசன் அமைந்துகொண்டான்.

கீழ்ப்படிந்தால் வாழ்வு, மீறினால் அழிவு என்னும் நேர்க்கணக்குக்கு வரலாறும் ஒத்துழைக்கவில்லை. கொடியவன் என்று தூற்றப்பட்ட மனாசே 55 ஆண்டு ஆண்டான். கோவிலில் கண்டெடுக்கப்பட்ட சட்டநூலைக் கேட்டு ஆடை கிழித்து நாட்டையே சீர்திருத்திய யோசியா கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்திய நேகோவின் கையால் மாண்டான். அவன் அமைதியாய்க் கல்லறை சேர்வான் என்று உல்தாள் என்னும் பெண் இறைவாக்கினர் கூறியிருந்தார். அரசர் நூலைத் தொகுத்தோர் அந்தச் சொல்லைத் திருத்தவோ நீக்கவோ இல்லை. நிறைவேறாத வாக்கை அப்படியே விட்டுவைத்த அந்த நேர்மை போற்றத்தக்கது.

எரேமியா பேசவந்தது இந்தச் சிதைந்த நம்பிக்கையின் நடுவே. யோயாக்கீம் பட்டமேறிய புதிதில் கோவில் வாயிலில் நின்று, இக்கோவிலின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதனால் காக்கப்படமாட்டீர்கள். சீலோவிலும் ஒரு கோவில் இருந்தது, போய்ப் பாருங்கள் என்றார். அவரைக் கொல்ல வேண்டும் என்று குருக்களும் பிற இறைவாக்கினரும் கூவினர். அப்போது மூப்பர் சிலர் எழுந்து ஒரு முன்வழக்கைச் சுட்டினர். நூறாண்டுக்கு முன் மீகா என்பவர் சீயோன் வயலாக உழப்படும் என்றார். எசேக்கியா அவரைக் கொன்றானா? அஞ்சி இறைவனை வேண்டினான், அழிவு நீங்கிற்று. ஓர் இறைவாக்கு நிறைவேறாமல் போனதையே அதன் வெற்றியாகக் கொண்ட வாதம் இது. அரசன் செவிகொடுத்ததனால் வாக்கு பொய்த்தது. பொய்த்ததனால் நகர் பிழைத்தது. எரேமியா தப்பினார். அதே காலத்தில் உரியா என்னும் மற்றோர் இறைவாக்கினருக்கு வாதாட எவருமில்லை. எகிப்துவரை ஆளனுப்பிப் பிடித்துவந்து யோயாக்கீம் அவரை வாளுக்கு இரையாக்கினான்.

இந்த வழக்கின் நுட்பத்தை எரேமியா குயவன் மனையில் ஒரு கோட்பாடாகவே வகுத்தார். சக்கரத்தில் கலம் கெட்டால் குயவன் அதே மண்ணை வேறு கலமாக வனைகிறான். அழிப்பேன் என்று சொல்லப்பட்ட நாடு திரும்பினால் அழிவு தவிர்க்கப்படும். கட்டுவேன் என்று சொல்லப்பட்ட நாடு தீமை செய்தால் அந்நன்மையும் திரும்பப் பெறப்படும். நாத்தான் காலத்திலிருந்து வந்த 'என்றைக்கும்' என்னும் சொல் இங்கே முழுதும் நெகிழ்ந்துவிடுகிறது. கூலி கொடாமல் ஊழியர் உழைப்பில் தேவதாரு பரப்பிச் செந்நிறம் பூசி மாளிகை கட்டிய யோயாக்கீமிடம் அவர் வேறொன்றும் சொன்னார்: உன் தந்தையும் உண்டான், குடித்தான், ஆனால் எளியவன் வழக்கை நியாயமாய்த் தீர்த்தான், இறைவனை அறிதல் என்பது அதுவே. கீழ்ப்படிதலுக்கு இதைவிடத் தெளிந்த இலக்கணம் அந்நூல்களில் இல்லை.

யோயாக்கீமின் ஐந்தாம் ஆண்டு, ஒன்பதாம் மாதம். எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய சுருள் அரண்மனைக்கு வருகிறது. குளிர்கால மாளிகையில் அரசன் முன் கணப்பு எரிகிறது. யெகுதி என்பவன் மூன்று நான்கு பத்திகள் படித்ததும் அரசன் எழுத்தரின் சூரிக்கத்தியால் அப்பகுதியை அறுத்து நெருப்பில் இடுகிறான். மீண்டும் படிப்பு, மீண்டும் அறுப்பு, சுருள் முடியும்வரை. எபிரேயத்தில் படித்தலுக்கும் கிழித்தலுக்கும் ஏறத்தாழ ஒரே ஒலிப்புடைய சொற்கள். முன்னது 'அலெப்' எழுத்திலும் பின்னது 'அயின்' எழுத்திலும் முடியும். தந்தை யோசியா நூலைக் கேட்டு ஆடையைக் கிழித்தான். மகன் நூலையே கிழித்தான். வேண்டாம் என்று தடுத்த மூவருள் ஒருவன் சாப்பானின் மகன் கெமரியா. அப்பெயர் பொறித்த களிமண் முத்திரை 1982இல் தாவீதின் நகர அகழாய்வில், தீயில் சுட்டுக் கெட்டியாகிக் கிடைத்தது. சுருள் எரிந்தது, முத்திரையோ எரிந்ததனாலே நிலைத்தது. எரேமியா மறுபடியும் சொன்னார். பாரூக்கு மறுபடியும் எழுதினார். முன்னில்லாத சொற்கள் பலவும் சேர்ந்தன.

கி.மு. 597 மார்ச்சில் எருசலேம் பணிந்ததைப் பாபிலோனிய நாளாகமம் நாள் குறித்துச் சொல்கிறது. மூன்று மாதமே ஆண்ட இளைஞன் யோயாக்கீன் சிறைப்பட்டான். நேபுகாத்நேச்சார் அரியணையேற்றிய சிதேக்கியாவே கடைசி அரசன். இவன் காலத்தில் வாக்கே இரண்டுபட்டது. பாபிலோனுக்குப் பணிக என்று கழுத்தில் மரநுகத்தோடு திரிந்தார் எரேமியா. இரண்டே ஆண்டில் எல்லாம் மீளும் என்றார் அனனியா என்னும் இறைவாக்கினர். நுகத்தைப் பிடுங்கி முறித்தும் போட்டார். அனனியா பேசியது ஏசாயாவின் பழைய இசையே. எரேமியா முதலில் சொன்ன மறுமொழி 'ஆமென்'. அவ்வாறே ஆகட்டும் என்று மெய்யாகவே விரும்பினார். அமைதியை அறிவிப்பவரின் சொல் நிறைவேறும்போதுதான் அவர் அனுப்பப்பட்டவர் என்று தெரியும் எனச் சொல்லிவிட்டுத் தம் வழியே போனார். மரநுகத்துக்குப் பதில் இரும்பு நுகம் வரும் என்னும் செய்தி பிறகே அவருக்கு வந்தது. உண்மை வாக்குக்கும் பொய் வாக்குக்கும் ஓசையில் வேறுபாடில்லை. முன் தலைமுறைக்கு மெய்யாயிருந்த சொல்லே இத்தலைமுறைக்குப் பொய்யாகலாம். சொல்லை ஆள்வோர்க்கு இதைவிட அச்சந்தரும் இடம் அந்நூலில் வேறில்லை.

முற்றுகையின்போது நடந்த ஒரு நிகழ்ச்சி, அரசனின் கீழ்ப்படிதல் என்ன பொருள் தந்தது என்பதை வேறெதைக் காட்டிலும் துலக்கும். எபிரேய அடிமை ஆறாண்டு உழைத்தபின் ஏழாம் ஆண்டு விடுதலை பெற வேண்டும் என்பது பழஞ்சட்டம். நெடுங்காலம் எவரும் அதைப் பேணவில்லை. சிதேக்கியா மக்களோடு உடன்படிக்கை செய்து அடிமைகள் அனைவர்க்கும் விடுதலை அறிவித்தான். கோவிலில் கன்றுக்குட்டியை இருகூறாக்கி, அக்கூறுகளின் இடையே தலைவர்கள் நடந்து சென்றனர். சொல் தவறினால் இக்கன்றின் கதி எமக்காகுக என்பது அச்சடங்கின் பொருள், கி.மு. எட்டாம் நூற்றாண்டின் செபீரே கல்வெட்டிலும் அதே வழக்கம் காணப்படுகிறது. விடுதலைக்கு அவர்கள் வழங்கிய சொல் 'தெரோர்'. மெசொப்பொத்தாமிய மன்னர் கடனடிமைகளை விடுவித்து வெளியிட்ட ஆணைக்குரிய 'அந்துராரு' என்னும் அக்காதியச் சொல்லின் உறவு அது. முற்றுகையில் அடிமைக்குச் சோறிடும் செலவு மிச்சம் என்பதே உள்நோக்கம் என்று ஐயுறுவோர் உண்டு. அஃது எவ்வாறாயினும் விடுதலை விடுதலையே.

எகிப்தின் படை புறப்பட்டது என்று கேட்டுப் பாபிலோனியர் முற்றுகையைத் தளர்த்தினர். உடனே எருசலேமின் செல்வர்கள் விடுவித்த ஆண்களையும் பெண்களையும் மீண்டும் பிடித்து அடிமையாக்கினர். ஒருமுறை கட்டவிழ்ந்த கைகளை மறுபடி கட்டுவதற்கு அவர்களுக்குச் சில வாரங்களே தேவைப்பட்டன. எரேமியாவின் சினம் அந்த ஒரு சொல்லிலேயே சுழன்றது: நீங்கள் உடன்பிறந்தோர்க்கு அறிவித்த தெரோரைப் பறித்தீர்கள், இதோ உங்களுக்கும் ஒரு தெரோர், வாளுக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் உங்களைத் திறந்துவிடுகிறேன். தாவீதின் வாக்கு அசீரியரிடமோ பாபிலோனியரிடமோ முறிந்ததன்று. அது எருசலேமின் சமையலறைகளிலும் திராட்சை ஆலைகளிலும் முறிந்தது என்பதே எரேமியாவின் வழக்கு. பாபிலோனிலிருந்த எசேக்கியேல் வேறொரு முறிவைச் சுட்டினார். நேபுகாத்நேச்சாருக்குச் சிதேக்கியா செய்த ஆணையும் இறைவன் பெயரால் செய்ததே. பகைவனுக்குக் கொடுத்த சொல்லை முறித்தவன் இறைவனுக்குக் கொடுத்த சொல்லை முறித்தவனே.

லாகீசும் அசேக்காவுமே எஞ்சிய அரண்நகர்கள் என்று எரேமியாவின் நூல் கூறும் நாள்களை மண்ணோட்டு மடல்கள் நேரில் காட்டுகின்றன. 1935இல் லாகீசு வாயிலறையில் சுடார்க்கி கண்டெடுத்த அம்மடல்களுள் ஒன்றில், லாகீசின் தீக்குறிகளை நோக்கியிருக்கிறோம், அசேக்காவினதைக் காணமுடியவில்லை என்னும் பொருள்பட ஒரு காவலன் எழுதியிருக்கிறான்.

சிதேக்கியா கொடியவனல்லன். எரேமியாவைச் சேற்றுக்கிணற்றில் இறக்கிய தலைவர்களைத் தடுக்க அவனால் இயலவில்லை. எபெத்மெலேக்கு என்னும் கூசியன் வந்து முறையிட்டபோது, தூக்கிவிட ஆள்களைத் தந்தான். (கயிறு அறுக்காதிருக்கக் கிழிந்த துணிகளை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்ன கூசியனின் கருணை அவ்வரலாற்றில் மறக்கலாகாதது.) பின்னர் மறைவாய் எரேமியாவைச் சந்தித்து, சரணடைந்தால் நகர் எரியாது என்னும் சொல்லைக் கேட்டான். அவன் அஞ்சியது பாபிலோனியரை அன்று. முன்னரே அவர்கள்பால் ஓடிப்போன தன் குடிகளின் ஏளனத்தை. நாம் பேசியதை எவர்க்கும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டான். அரசன் தானே கேட்ட வாக்கை மறைத்துவைத்துவிட்டு அரண்மனைக்குத் திரும்பினான். நகர் வீழ்ந்த கோடையில் எரிகோ சமவெளியில் பிடிபட்டான். இரிப்லாவில் மைந்தரைக் கண்முன் கொன்று, அதன்பின் அவன் கண்களைப் பிடுங்கினர்.

முற்றுகை நடக்கையிலேயே எரேமியா ஆனதோத்தில் தம் உறவினர் அனாமெயேலின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். பகைவர் காலடியில் கிடந்த நிலம். எடையிட்டு வெள்ளி தந்து, சான்றுக் கையெழுத்துப் பெற்று, முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த படியையும் மண்கலத்தில் இட்டுவைக்கப் பாரூக்கைப் பணித்தார். அரியணையைப் பற்றி அப்பத்திரத்தில் ஒன்றுமில்லை.

யோயாக்கீன் பாபிலோனில் பிழைத்திருந்தான். இசுதார் வாயிலுக்கருகே கிடைத்து, வைட்னர் 1939இல் வெளியிட்ட களிமண் ஏடுகளில் யூதாவின் அரசனுக்கும் அவன் மைந்தர் ஐவர்க்கும் அளந்துகொடுத்த எண்ணெய்க் கணக்கு உள்ளது. அவற்றுள் ஒன்று கி.மு. 592க்குரியது. அரசர் நூலும் அங்கேயே முடிகிறது: சிறைப்பட்ட 37ஆம் ஆண்டில் அவன் விடுவிக்கப்பட்டு மன்னன் பந்தியில் உண்டான். அவனை இறைவன் கையிலிருந்து கழற்றி எறியப்பட்ட முத்திரை மோதிரம் என்று எரேமியா சொல்லியிருந்தார். கி.மு. 520இல் ஆகாய் என்னும் இறைவாக்கினர் அவன் பேரன் செருபாபேலை மீண்டும் முத்திரை மோதிரம் என்று அழைத்தார். ஏசாயா நூலின் பிற்பகுதியைப் பாடிய பெயரறியாப் புலவரோ, அதற்கும் முன்னரே, தாவீதுக்குத் தந்த உறுதியை அரசன் ஒருவனுக்கன்றி மக்கள் அனைவர்க்குமே உரித்தாக்கியிருந்தார். கோவில் கட்டிமுடிந்ததை எசுறா நூல் கூறும்போது மூப்பர்களைச் சொல்கிறது, ஆகாயையும் சகரியாவையும் சொல்கிறது, பாரசீக மன்னர்களையும் பெயர் சுட்டிச் சொல்கிறது. செருபாபேலின் பெயர் அவ்விடத்தில் இல்லை.